முழங்கையைத் தொட்டவள்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் அத்தானும் நலம்தானே? அத்தான் கட்டும் பாலம் எந்த மட்டில் இருக்கிறது? கீழே ஆறு இருக்கிறதா, அல்லது அதையும் அவரேதான் கொண்டுவர வேண்டுமா என்று நான் கேட்டதாகச் சொல்.

போன் செய்தால் நான் எடுப்பதில்லை என்று என் வீட்டுக்காரியிடம் குறைபட்டுக்கொண்டாயாம். எனக்கு இப்போதெல்லாம் போன் என்றாலே எரிச்சல். எல்லோரும் கிணற்றுக்குள் நின்றுகொண்டு பேசுகிறார்கள். கடிதம் என்றால் உட்கார்ந்து ஆசைதீர எழுதலாம், நீயும் குறுக்கே பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். அத்தானுக்கு மாற்றலாகி நீயும் போன பிறகு உன் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறாளே மயக்க மருத்துவர், அவளுக்கு நான் வைத்திருக்கும் பெயர் மௌனச்சாமி. காலையில் குட்மார்னிங் சொன்னால் பதில் வராது. முகமூடிக்கு மேலே இரண்டு கண் மட்டும் என்னைப் பார்க்கும். வந்த முதல் நாளே, இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டரின் சத்தத்தை வேறு குறைத்து வைத்துவிட்டாள். நீ இருந்தபோது ஆபரேஷன் தியேட்டர் கலகலவென்று இருக்கும். இப்போது நூலகத்தில் உட்கார்ந்து ஆபரேஷன் செய்வது போலிருக்கிறது.

சென்ற வெள்ளிக்கிழமை ஐந்து வயதுப் பெண் குழந்தைக்கு மாறுகண் ஆபரேஷன். உள்பக்கத் தசையைக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பிடித்திருக்கிறேன். திடீரென்று என் முழங்கையில் ஒரு கை! அக்கா, கிருமி நீக்கிய கவுனில், கையுறைகூட இல்லாமல், வெறுங்கை! எனக்கு வந்த கோபத்தில் தியேட்டரையே உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். வெளியே போய்க் கை கழுவி, கவுன் மாற்றி, எல்லாம் முதலிலிருந்து. கேட்டால், குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்ததாம். குறைந்தால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? வாய் எதற்கு இருக்கிறது? இத்தனை வருஷம் நீ ஒரு நாளாவது என்னைத் தொட்டிருப்பாயா?

நீயே சொல், நான் கத்தினது தப்பா?

உன் பிரியமுள்ள,
தம்பி


பிப்ரவரி 15

என் அருமைத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வாய்விட்டுப் படித்தேன். அத்தான் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆறு இருக்கிறதாம், கவலைப்படாதே என்கிறார்.

பிறகு என்னைப் பிடித்துக்கொண்டார். “கண்ணை இழுத்தா ஹார்ட் எதுக்கு மெதுவாகணும்? ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?” இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்திவிட்டு இப்போதுதான் கேட்கத் தோன்றியிருக்கிறது. கண்ணின் தசையை இழுத்தால் நரம்பு மூளைக்குச் சேதி சொல்லும், மூளை பதறிப்போய் இன்னொரு நரம்பு வழியாக இதயத்தை மெதுவாகப் போகச் சொல்லி உத்தரவு போடும் என்றேன். குழந்தைகளிடம் அந்த உத்தரவு வெகு வேகமாகப் பாயும், நூறுக்கு மேல் ஓடுகிற துடிப்பு பாதியாகும், தாளம் தவறும், சில சமயம் சில வினாடிகள் நின்றே போகும் என்றும் சொன்னேன்.

“அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?”

“இழுக்கிறவர்கிட்ட, ‘விடுங்க’ன்னு சொல்லுவோம்.”

“மருந்து ஒண்ணும் இல்லையா?”

“இருக்கு. ஆனா விட்டாலே முக்காவாசி நேரம் தானா சரியாயிடும். ஆக்சிஜன் ஒழுங்கா போகுதா, மயக்கம் ஆழமா இருக்கான்னு பாப்போம். அதுக்கும் மசியலேன்னாதான் துடிப்பை ஏத்துற அட்ரோபின் ஊசி.”

“அப்ப உன்னோட மொத்தப் படிப்பும், ‘விடுய்யா’ன்னு சொல்றதுக்குத்தானா?” என்றார். அன்று முழுக்க அவரோடு நான் பேசவில்லை.

இப்போது உன்னை ஒரு பிடி பிடிக்கிறேன். துடிப்பு எவ்வளவு குறைந்தது? தாளம் எப்படி இருந்தது? அவள் தொட்டதும் விட்டாயா, கத்தி முடித்துவிட்டு விட்டாயா? ஊசி போடும்படி ஆனதா? குழந்தை எப்படி இருக்கிறது? இது ஒன்றுமே உன் கடிதத்தில் இல்லை. கவுன்தான் முக்கால் பக்கத்துக்கு இருக்கிறது.

அப்புறம், ஒன்று எனக்கு நெருடுகிறது. சர்ஜனின் கையைத் தொடக்கூடாது என்று எங்களுக்குத் தெரியாதா? தியேட்டரில் தீப்பிடித்தால்கூட நாங்கள் வாயால்தான் சொல்வோம். அந்தப் பெண் எதற்காகத் தொட்டாள்? கோபம் தணிந்த பிறகு நிதானமாக யோசித்து எழுது.

உன் மகள் சின்னவள் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாளாமே. நீ பக்கத்தில் உட்காராதே. பாவம், பயந்துவிடுவாள்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவள் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். முதல் சவாரிக்கு என்னைத்தான் அழைத்துப் போனாள். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தே காதைப் பிளந்ததாக இறங்கியதும் அம்மாவிடம் அழுதாள். நான் ரசித்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன், எனக்கு அப்படி ஒன்றும் பெரிதாகப் படவில்லை. மகள் ஓட்ட, அப்பா பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு போவதற்கு ஈடே இல்லை அக்கா. சின்னதில் என் தோளில் உட்கார்ந்து என் தலைமுடியைப் பிடித்து இடது வலது என்று திருப்பினவள்.

நீ கேட்டதற்குப் பதில். துடிப்பு நாற்பதுக்குக் கீழே போனதாம், நடுவில் கொஞ்சம் நின்று நின்று வந்ததாம். அவள் தொட்டதும் விட்டுவிட்டேன், பிறகுதான் கத்தினேன். ஊசி போடும்படி ஆகவில்லை. குழந்தை மறுநாளே வார்டில் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. கண்ணும் நேராகிவிட்டது. போதுமா?

ஆனால் நீ அவளுக்கு வக்காலத்து வாங்கியது எனக்குப் பிடிக்கவில்லை. இந்தக் காலத்தில் ஒருவருக்கும் வாயைத் திறந்து பேசவே வருவதில்லை. என் வீட்டுக்காரியே முணுமுணுக்கிறாள். புதிதாக வாங்கின டிவியில் படம் பிரமாதம், சத்தம் மட்டும் இல்லை. கூட்டி வைத்தால் அவள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள்.

உன்னிடம் ஒரு உதவி கேட்கிறேன். மௌனச்சாமியை வேறு தியேட்டருக்கு மாற்றச் சொல்லி மருத்துவமனை இயக்குநரிடம் எழுதிக் கொடுக்கப் போகிறேன். அவள் இன்னும் நிரந்தரமாகவில்லை. அடுத்த மாதம்தான் முடிவு செய்கிறார்கள். உன் பேச்சுக்கு இங்கே இன்றும் மதிப்பு உண்டு. குழந்தைகளின் ஆபரேஷனில் மயக்க மருத்துவர் பேசாமல் இருப்பது ஆபத்து என்று நீ நாலு வரி எழுதினால் போதும். உண்மையைத்தானே எழுதப் போகிறாய்.

சீக்கிரம் அனுப்பு.

தம்பி


மார்ச் 9

என் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு வரவில்லை. நேராகவே எழுதுகிறேன்.

நீ கேட்ட நாலு வரியை எழுதுமுன், நடந்தது என்ன என்று தெரிய வேண்டாமா? பெரிய சிஸ்டருக்குப் போன் செய்தேன். அந்த வெள்ளிக்கிழமை கருவிகளை எடுத்துக் கொடுத்தது அவர்தானே. உன்னைப் பற்றிக் குறை சொல்ல அவருக்கு மனமே இல்லை. நான்தான் விடாமல் வாயைக் கிளறினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அந்தப் பொண்ணு மூணு வாட்டி சொன்னாங்கம்மா. முதல்ல மெதுவா, அப்புறம் சத்தமா. மூணாவது வாட்டி கத்தவே கத்தினாங்க. சார் திரும்பவே இல்ல. நானும் சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள அவங்க ஓடிவந்து கையைத் தொட்டுட்டாங்க.”

மானிட்டர் சத்தத்தையும் கேட்டேன். நான் வைத்துவிட்டு வந்த அளவில்தான் இருக்கிறதாம். யாரும் தொடவில்லையாம்.

தம்பி, உனக்குக் காது மந்தமாகிவிட்டது.

சின்ன வயதில் உனக்குப் பாம்புக் காது என்று வீட்டில் எல்லோரும் சொல்வோம். தியேட்டரில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, மானிட்டரின் பீப் பீப் இடைவெளி நீள்வதைக் கேட்டே நீ தசையைத் தளர்த்திவிடுவாய். இரண்டு பேருக்கும் நடுவே கம்பி இழுத்திருக்கிறதா என்று சிஸ்டர்கள் கேலி செய்வார்கள். பிறகு கடைசி ஒன்றிரண்டு வருஷமாக “விடுங்க டாக்டர்” என்று நான் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. வயது ஏற ஏற உனக்குப் பிடிவாதமும் ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டேனே தவிர, காது என்று எனக்குத் தோன்றவே இல்லை. காது மங்கும்போது மெல்லிய, கூர்மையான ஒலிகள்தான் முதலில் போகும். பீப் அப்படிப்பட்டது. அந்தப் பெண்ணின் குரலும் அப்படித்தானாம். என்னுடையது கட்டைக் குரல், நீ கேலி செய்யாத நாளில்லை. அதனால்தான் நான் இருந்தவரை தப்பித்தோம்.

இயக்குநருக்கு நான் எழுத மாட்டேன். நீயும் எழுதாதே. எழுதினால் ஒரு பெண்ணின் வேலை போகும். அதைவிடப் பெரியது, அடுத்து அந்த நாற்காலியில் வருபவர் உன்னைத் தொடத் துணியாதவராக இருந்தால் என்ன ஆகும்? நாற்பதுக்குக் கீழே போன அந்தக் குழந்தையை நினைத்துப் பார். காது டாக்டரிடம் போ. அதுவரை கொக்கியைக் கையில் எடுக்காதே. அக்காவாக மட்டும் சொல்லவில்லை, உன்னோடு இத்தனை வருஷம் வேலை பார்த்த மயக்க மருத்துவராகவும் சொல்கிறேன்.

கோபித்துக்கொள்வாய் என்று தெரியும். கோபித்துக்கொண்டே போ.

அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. என் தியேட்டரில் என்ன நடக்கிறது என்று எனக்குப் பின்னால் சிஸ்டருக்குப் போன் போட்டு வேவு பார்ப்பாய் என்று நான் நினைக்கவில்லை. என் காது நன்றாகத்தான் இருக்கிறது. நான் கேட்டது நாலு வரி. அதை எழுத மனமில்லை என்றால் இல்லை என்று சொல்லியிருக்கலாம். என்னைச் செவிடனாக்கியிருக்க வேண்டாம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். இனி உனக்குச் சிரமம் தர மாட்டேன்.

தம்பி


ஏப்ரல் 2

என் தம்பிக்கு,

நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் நானும் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமில்லை. அதனால் எழுதுகிறேன்.

அத்தானுக்குச் சளி. ஒரு தும்மலுக்கு மூன்று தலையணை கேட்கிறார். பாலத்துக்கு நடுத்தூண் எழும்பிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் இங்கே ஒரு சின்ன மருத்துவமனைக்குப் போய்வருகிறேன். நல்ல மனிதர்கள். ஆனால் இங்குள்ள சர்ஜன் ஆபரேஷன் செய்துகொண்டே பாடுகிறார். உன் அருமை இப்போதுதான் தெரிகிறது.

சொன்னதைத் திரும்பப் பெற மாட்டேன். ஆனால் அதை நீ தனியாக உட்கார்ந்து படித்திருப்பாயே என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்தில் இருந்து சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


ஏப்ரல் 27

தம்பி,

இன்றும் தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டார். உன் வீட்டுக்காரியிடம் பேசினேன். “நல்லாதான் இருக்காரு அண்ணி, நேரம் வந்தா அவரே எழுதுவாரு” என்பதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறாய் போல. நான் காத்திருக்கிறேன்.

அக்கா


ஜூன் 11

என் அன்பான அக்காவுக்கு,

தம்பி. முதலில் திட்டிவிடு, பிறகு மேலே படி.

உன் கடிதம் வந்த அடுத்த வாரமே காது டாக்டரிடம் போனேன். நல்ல பிள்ளையாகப் போனேன் என்று நினைத்துக்கொள்ளாதே. என் காது சரியாக இருக்கிறது என்று ஒரு காகிதம் வாங்கி, அதை உனக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பத்தான் போனேன். சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஒன்றை மாட்டி, ஒலி கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார். முதலில் கட்டையாகச் சில ஒலிகள் வந்தன. ஜோராக அமுக்கினேன். பிறகு நின்றுவிட்டது. மெஷின் பழுதாகிவிட்டது போலிருக்கிறது, சரி செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு பொத்தானில் விரலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்துக் கதவைத் திறந்தார். “மிச்சத்தை எப்ப ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டேன். “எல்லாம் முடிஞ்சிடுச்சு சார்” என்றார்.

அக்கா, அந்த அறையிலிருந்து எழுந்து வர எனக்கு மனம் வரவில்லை. காது போனதற்காக இல்லை. கொக்கியில் தசையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் சரியாகப் போகிறது என்று நான் நிம்மதியாக இருந்த நிமிஷங்களை நினைத்துத்தான். அப்போதெல்லாம் எனக்குப் பின்னால் ஒருத்தி கத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

அங்கிருந்து நேராக இயக்குநர் அறைக்குப் போனேன். நானே சொன்னேன். காதுக்கு மெஷின் வந்து, தியேட்டரில் வைத்துச் சோதித்துச் சரி என்று சொல்லும்வரை வெளிநோயாளிகளை மட்டும் பார்க்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். உனக்குப் பதில் எழுதாதது கோபத்தால் இல்லை. முதல் வாரம் மட்டும் கோபம். பிறகு வெட்கம். மறுபடி ஒரு குழந்தைக்கு ஒழுங்காக ஆபரேஷன் செய்துவிட்டுத்தான் உன்னிடம் பேசுவது என்று பிடிவாதமாக இருந்துவிட்டேன். பிடிவாதம் பற்றி நீ எழுதியதும் பொய்யில்லை.

இப்போது இரண்டு காதிலும் மெஷின். ஆரம்பத்தில் நரகம். குழாயில் தண்ணீர் விழுந்தால் இடி. என் வீட்டுக்காரி முணுமுணுப்பதில்லை என்று தெரிந்துவிட்டது, அவள் என்னைப் பற்றிச் சொல்வதெல்லாம் தெளிவாகவே கேட்கிறது.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளைப் பற்றி இயக்குநரிடம் எழுத இருந்ததையும் மறைக்கவில்லை. நிறைய பேசினாள் அக்கா! சரியான வாயாடி. இவளுக்கா நான் மௌனச்சாமி என்று பெயர் வைத்தேன்? அவளை நிரந்தரமாக்கிவிட்டார்கள். இயக்குநர் கேட்டபோது நான் எழுதிக் கொடுத்தது நாலு வரி இல்லை, ஒரு பக்கம்.

ஆபரேஷனுக்கு முன்னால் அவளிடம் ஒன்று சொல்லி வைத்தேன். “மெஷினை நம்பி மட்டும் இருக்கக்கூடாது. துடிப்பு குறைஞ்சா வாயால சொல்லு. நான் அசையலேன்னா கையைத் தொடாதே, என் காலை மிதி. காலுக்குக் கவுன் மாத்த வேண்டாம்.”

“ஐயோ சார், உங்க காலையா? நான் மாட்டேன்.”

“குழந்தை பெருசா, என் கால் பெருசா?”

“குழந்தைதான் சார்” என்று ஒத்துக்கொண்டாள்.

சென்ற திங்கட்கிழமை முதல் கேஸ். ஆறு வயதுப் பெண். தசையை மெதுவாகத்தான் இழுத்தேன். பீப் பீப் என்று ஓடிக்கொண்டிருந்தது, இடைவெளி விட்டது, இன்னும் நீண்டது. எனக்குக் கேட்டது அக்கா! அவள் “சார்” என்று வாயைத் திறப்பதற்குள் கொக்கியைத் தளர்த்திவிட்டேன். ஆனாலும் என் கால்மேல் நச்சென்று ஒரு மிதி! அத்தனை மாதக் கோபமும் அந்த ஒரு மிதியில் இருந்தது. நான் திரும்பிப் பார்க்க, “சாரி சார், வாயும் காலும் சேந்தே வந்துடுச்சு” என்றாள். பெரிய சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். துடிப்பு தானாகவே மேலே ஏறியது. அவள் ஆக்சிஜனைப் பார்த்தாள், மயக்கத்தைக் கொஞ்சம் ஆழப்படுத்தினாள், “இப்ப இழுங்க சார்” என்றாள். இரண்டாம் முறை இழுத்தபோது ஒன்றும் ஆகவில்லை. ஊசியைத் தொடக்கூட இல்லை.

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் இன்னொன்றையும் எழுத வேண்டும். அன்று குழந்தை மயங்கியதும் நான் கண்ணுக்கு மேலே குனிந்தேன். அப்போது என் பின்னாலிருந்து மெல்லிய குரலில், “நான் பாத்துக்கறேன் சார், நீங்க தைரியமா ஆரம்பிங்க” என்றாள். இன்றைக்கு எனக்குப் படபடப்பாக இருக்கும் என்று தெரிந்து சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆபரேஷன் முடிந்ததும் பெரிய சிஸ்டரிடம், “பாத்தீங்களா, எவ்வளவு இதமா சொன்னா” என்றேன்.

“இன்னைக்கா சொன்னாங்க? வந்த நாள்லேர்ந்து ஒவ்வொரு கேஸுக்கும் சொல்றாங்க சார். நீங்க ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்ல. ‘அவருக்கு என்னைப் பிடிக்கல போல’ன்னு ஒரு நாள் அழுதாங்க. ஆனா சொல்றதை நிறுத்தல.”

அடுத்த கேஸ் நாலு வயதுப் பையன். அவன் மயங்கினான். நான் குனியவில்லை, காத்திருந்தேன். அவள் அதையே சொன்னாள்.

“நீ இருக்கேல்லம்மா, எனக்கென்ன பயம்” என்றேன்.

அவள் மானிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் ஆரம்பித்தேன்.

என்றும் உன்,
தம்பி